யார் தோளில் ஏறி?

ஆம்பூரில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை கண்ணில் படும். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரையில் ரயிலில் போகிறவர்களுக்கு ஜன்னல் ஓரத்தில் ஓர் இடம் கிடைத்தால் போதும். மலைகள் கூடவே பிரயாணம் செய்யும். கீழே தோல் பதனிடும் வாடை, கொளுத்துகிற வெயில், ஆறு என்ற பெயரில் ஒரு மணற்பரப்பு. மேலே நீலமாக ஒரு கோடு. இப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறவர்களுக்கு மலைமேல் போய் நிற்க வேண்டும் என்ற ஆசை வருவதற்குக் கவிமனம் ஒன்றும் வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏலகிரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஷூ கம்பெனியில் ஆறு நாள் தைத்த கைகள் ஏழாம் நாள் தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு, குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சுமார் 1,100 மீட்டர் உயரம். 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குக் கொஞ்சம் நகைச்சுவையும் இருந்திருக்க வேண்டும். பாரி என்ற பலகையைத் தாண்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். படர்வதற்குக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக் கொடிக்காகத் தேரை நிறுத்தி, அந்தத் தேரையே கொடுத்துவிட்டு நடந்து போனவன் அவன். அவன் பெயரைத் தாங்கிய வளைவில் நம்முடைய தேர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒன்றையொன்று முந்துகின்றன. குறுக்கே கொடி ஏதாவது இருந்தால் அது டயருக்கு அடியில் போக வேண்டியதுதான்.

பாரி செய்ததை நாம் கொடை என்று படித்திருக்கிறோம். கொடைதான். ஆனால் அதற்குள்ளே இன்னொன்றும் இருக்கிறது. தேர் இருந்தது; பாதை இருந்தது; மலைக்கே அவன் அரசன், ஆகையால் போகிற உரிமையும் இருந்தது. அத்தனையும் இருந்தும் ஓர் இடத்தில் நின்றான். நமக்கு அப்படி நிற்க வேண்டிய இடம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது எங்கே? ஒரு மலைக்கு எப்படிப் போவது என்பதை நாம் டிக்கெட் எடுக்கிற விஷயமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். எந்த ரயில், எந்த பஸ், எங்கே சாப்பாடு, எத்தனை நாள் லீவு. அதற்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதை எனக்கு எடுத்துக் காட்டியவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஓர் அம்மாள்.

ஆம்பூரில் எனக்கு ஒரு சிநேகிதர். ஷூ கம்பெனி ஒன்றில் சூபர்வைசர். அவருடைய தாயாரும் முப்பது வருஷம் அதே தொழிலில் மேல்தோல் தைத்தவர். அவர் தைத்த செருப்பும் பூட்ஸும் கப்பலேறிச் சீமைக்கெல்லாம் போயிருக்கின்றன. அவர் திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. காலண்டர் ஒன்றில் இமயமலைப் பூப்பள்ளத்தாக்கின் படத்தைப் பார்த்துவிட்டு, சாவதற்குள் ஒருதரம் அந்தப் பூவையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். முழங்கால் இரண்டும் தேய்ந்து போனவர். மகன் என்னிடம் வந்தார். “அண்ணே, நீங்க நாலு ஊரு சுத்தினவரு. அம்மாவ எப்டிக் கூட்டினு போறதுன்னு ஒரு வழி எழுதிக் குடுங்க” என்றார்.

வழி எழுதுவது கஷ்டமில்லை. காட்பாடியிலோ சென்னையிலோ ரயிலேறினால் டில்லி. அங்கிருந்து ஹரித்துவாரம், ரிஷிகேசம். ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடத்துக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் மலைப்பாதை. மழைக்காலத்தில் மண் சரிந்து அங்கங்கே வழி அடைபடும். பூப்பதோ அந்த மழைக்காலத்தில்தான். ஜோஷிமடம் தாண்டினால் கோவிந்தகாட். அங்கிருந்து புல்னா என்ற கிராமம் வரையில் நாலு கிலோமீட்டர் ஜீப் போகும். பிறகு சக்கரத்துக்கு வேலை இல்லை. காங்கரியா என்ற இடத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் ஏற்றம்; நடக்கலாம், மட்டக்குதிரையில் போகலாம். காங்கரியாவில் இரவு தங்கி, மறுநாள் காலையில் இன்னும் மூன்று நாலு கிலோமீட்டர் ஏறினால் பள்ளத்தாக்கின் வாயில். ஜூன் முதல் தேதியிலிருந்து அக்டோபர் முடிய மட்டும் திறந்திருக்கும். உள்ளே யாரும் இராத் தங்கக் கூடாது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். குதிரைக்கும் அனுமதி இல்லை. குதிரையின் குளம்பு புல்லைக் கெடுத்துவிடும் என்பது காரணம்.

ஆனால் மனிதன் மனிதனைத் தூக்கிக்கொண்டு போகலாம். ‘கண்டி’ என்று ஒரு கூடை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆட்டுக்குத் தழை கொண்டுவரும் கூடையைப் போல இருக்கும். முதுகில் கட்டிக்கொண்டு, அதில் ஆளை உட்கார வைத்து ஒருவனே சுமந்து செல்வான். நாலு பேர் சுமக்கும் டோலியும் உண்டு. சபரிமலைக்குப் போனவர்களுக்கு டோலி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

நண்பர் இதைத் தாயாரிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார். வழி பிறந்துவிட்டதே என்ற சந்தோஷம். அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னாப்பா சொல்றே? மனுசன் முதுகு மேலயா? உங்கப்பா மண்டியில உப்புத் தோலு மூட்டை தூக்கினாரே, ராவெல்லாம் அவரு முதுகுக்கு எண்ணெ தடவினவ நானு. நான் ஏறுவனா?”

“அது அவங்க பொழப்பும்மா. நீ ஏறலன்னா அவனுக்குக் கூலி ஏது?”

“கூலிய குடுத்துட்டு ஏறாம இருந்தா ஆவாதா?”

இந்த மூன்று வரிச் சம்பாஷணையில் தர்மசாஸ்திரக்காரர்கள் சண்டை போடும் அத்தனையும் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. வள்ளுவர் இதைத் தொட்டிருக்கிறார். அறன் வலியுறுத்தல் என்ற அதிகாரத்தில் ஏழாவது குறள், சிவிகையைச் சுமப்பவனையும் அதன்மேல் ஏறிப் போகிறவனையும் பற்றியது. பரிமேலழகர் அதற்குச் சொல்லும் பொருள் நமக்குத் தெரியும்: அறத்தின் பயன் என்ன என்பதை நூலைக் கொண்டு நிறுவ வேண்டியதில்லை, சுமக்கிறவனையும் போகிறவனையும் கண்ணால் பார்த்தாலே விளங்கிவிடும் என்கிறார். அதாவது ஏறிப் போகிறவன் முன்பு அறம் செய்தவன், சுமக்கிறவன் செய்யாதவன். பிற்காலத்தில் வந்தவர்களில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் அதே சொற்களை வைத்துக்கொண்டு நேர்மாறாகப் பொருள் பண்ணினார்கள்: அந்த இரண்டு பேரையும் காட்டி, அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்பதுதான் வள்ளுவர் கருத்து என்றார்கள்.

இலக்கணப்படி எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் கதை எழுதுகிறவன். மனத்தளவில் நான் இரண்டாவது கட்சி. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. இருவருமே சாலையோரத்தில் நின்றுகொண்டு பல்லக்கு போவதை வேடிக்கை பார்க்கிறார்கள். சுமக்கிறவன் என்ன நினைக்கிறான், ஏறியிருக்கிறவனுக்கு உடம்பு கூசுகிறதா என்று இருவருமே கேட்கவில்லை. சேக்கிழார் இந்த இடத்தில் கிட்டே போய்ப் பார்த்தவர். திருப்பூந்துருத்தியில் சம்பந்தர் முத்துச்சிவிகையில் வருகிறார். அப்பர் எங்கே என்று கேட்கிறார். கூட்டத்தோடு கூட்டமாகச் சிவிகையைத் தாங்கிக்கொண்டு வந்த அந்த முதியவர், கீழேயிருந்து, இதோ இருக்கிறேன் என்கிறார். கேட்ட மாத்திரத்தில் பிள்ளை பதைத்துக் கீழே இறங்கிவிடுகிறது. சுமந்தவர் யார் என்று தெரிந்தவுடன் மேலே உட்கார்ந்திருக்க முடியவில்லை. நமக்கெல்லாம் சௌகரியமாக இருப்பது சுமப்பவர் யாரென்று தெரியாததுதான். அந்த அம்மாளுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. முகம் தெரியாத அந்தக் கூலிக்காரனுடைய முதுகு, அவருக்குத் தன் புருஷனுடைய முதுகு.

நண்பருடைய வாதத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. மூட்டையைத் தூக்குவதும் மனிதனைத் தூக்குவதும் ஒரே பாரம்தானே என்று அவர் கேட்டார். அம்மா சொல்கிறபடி கூலியைக் கொடுத்துவிட்டு ஏறாமல் இருந்தால் அது பிச்சை. உழைத்துத் தின்கிறவன் அதை வாங்குவதற்குக் கூசுவான். சுமக்கிற தொழிலை இழிவு என்று நாம் முடிவு கட்டினால், நம்முடைய கூச்சத்துக்கு அவன் வயிறு அல்லவா விலை கொடுக்கிறது? தமிழ்நாட்டில் கைரிக்‌ஷாவை 1970-களின் முற்பகுதியில் ஒழித்தார்கள். இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். கொடுக்காமல் ஒழித்திருந்தால் அது புண்ணியமாகியிருக்காது. மகாராஷ்டிரத்தில் மாதேரான் என்ற மலைவாசஸ்தலம். அங்கே மோட்டாருக்குத் தடை. மலை கெடக் கூடாது என்று மோட்டாரைத் தடுத்தார்கள். அதன் பலன், மனிதன் மனிதனை உட்கார வைத்து இழுக்கும் வண்டி அந்த ஊரில் நம் காலம் வரையில் நீடித்தது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதை மனித மாண்புக்கு ஒவ்வாத வழக்கம் என்று சொல்லி, ஆறு மாதத்துக்குள் படிப்படியாக நிறுத்தி, இழுத்தவர்களுக்கு மின்சார ரிக்‌ஷா மூலம் பிழைப்புக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் மாதேரானில் வண்டி போகத் தெரு இருக்கிறது. பூப்பள்ளத்தாக்கில் தெருப் போட்டால் பூ இருக்காது.

அப்படியானால் வானத்தில் போகலாமே என்று வாசகர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பக்கத்திலேயே சோளிங்கர் இருக்கிறது. யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். வயதானவர்கள் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிய காலம் ஒன்று உண்டு. 2024-ல் அங்கே கம்பிவட வண்டி வந்தது. இன்று கிழவிகள் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து நிமிஷக் கணக்கில் மேலே போய்விடுகிறார்கள். இதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. படியேறித்தான் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் பேசுகிறவர்கள் அநேகமாக முழங்கால் நன்றாக இருப்பவர்கள். கஷ்டப்பட்டால்தான் பலன் என்ற தத்துவத்தைக் கஷ்டப்படுகிறவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

பூப்பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று வரப்போகிறது. அதே காங்கரியாவிலிருந்து இன்னொரு கிளையாகப் பிரியும் பாதை ஹேமகுண்ட் சாகிப் என்ற சீக்கியர்களின் புனிதத் தலத்துக்குப் போகிறது. கோவிந்தகாட்டிலிருந்து அங்கே 12.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடம் அமைக்க 2025 மார்ச்சில் மத்திய மந்திரி சபை சம்மதம் கொடுத்தது. செலவு 2,730 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு 11,000 பேரை ஏற்றிச் செல்லும் என்று கணக்கு. பூப்பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்கும் இது பயன்படும் என்று அரசாங்க அறிவிப்பே சொல்கிறது.

இங்கேதான் என் மனம் பின்வாங்குகிறது. சோளிங்கரில் பெருமாள் பாறைமேல் இருக்கிறார். ஆயிரம் பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் அவர் தேய்ந்து போவதில்லை. பூ அப்படியல்ல. மூவாயிரம் மீட்டருக்கு மேலே, மரம் நின்றுபோகிற எல்லையைத் தாண்டியிருக்கும் புல்வெளிகளை அந்தப் பக்கத்தில் ‘புக்யால்’ என்பார்கள். வருஷத்தில் ஏழெட்டு மாதம் பனி மூடியிருக்கும். மிச்சமுள்ள நாலைந்து மாதத்துக்குள் செடி முளைத்து, பூத்து, விதை போட்டுத் தன் காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். மண்ணோ கைப்பிடி ஆழம். ஒரே இடத்தில் நூறு கால் மிதித்தால் புல் கழன்றுவிடும். அடுத்த மழையில் மண் கழுவிக்கொண்டு போகும். பிறகு அந்த இடம் பச்சை பிடிக்க வருஷக்கணக்காகும். 2018 ஆகஸ்டில் உத்தரகண்ட் ஹைகோர்ட் புக்யால்களில் யாரும் இராத் தங்கக் கூடாது, 200 பேருக்கு மேல் போகக் கூடாது என்று தடை போட்டதற்குக் காரணம் இதுதான். 200 எங்கே, 11,000 எங்கே! கோயிலுக்குக் கூட்டம் சேர்வது கோயிலுக்கு மகிமை. பூவுக்குக் கூட்டம் சேர்வது பூவுக்குச் சாவு.

சாவு என்பது பெரிய வார்த்தை என்று தோன்றுகிறதா? பாலாற்றங்கரைக்காரர்களுக்குத் தோன்றாது. தோலைப் பதனிட்ட தண்ணீரை ஆற்றிலும் நிலத்திலும் விட்டபோது, விட்டவர்கள் யாரும் ஆற்றைக் கொல்ல நினைக்கவில்லை. வேலை வந்தது, கூலி வந்தது, கப்பலில் சரக்குப் போனது. எல்லாருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பும் நிறமும் மாறிய பிறகு வழக்கு நடந்து, 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கெடுதி நிச்சயம் என்று நிரூபணம் ஆகும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே தடுக்க வேண்டும், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற இரண்டு நியாயங்களும் இந்த தேசத்தின் சட்டமாக நிலைபெற்றது அந்தத் தீர்ப்பில்தான். வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கு. அதே பாலாற்றைப் பற்றி 2025 ஜனவரியிலும் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முப்பது வருஷமாகியும் ஆறு திரும்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனவே, புல் தேயுமா தேயாதா, போய்த்தான் பார்ப்போமே என்கிறவர்களிடம் எங்கள் பக்கத்து ஜனங்கள் சொல்லக்கூடியது நிறைய உண்டு.

ஆனாலும் தடை போடுவதோடு நியாயம் முடிந்துவிடுகிறதா? யாரைத் தடுத்தோம் என்று பார்க்க வேண்டாமா? பூப்பள்ளத்தாக்கை வெளியுலகுக்குச் சொன்னவர் பிராங்க் ஸ்மைத் என்ற இங்கிலீஷ்காரர். 1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் தற்செயலாக இறங்கினார். பிறகு புத்தகம் எழுதினார். அவர் ‘கண்டுபிடித்த’ அந்த இடத்தில் அவருக்கு முன்னாலேயே கோடைதோறும் ஆடு மேய்த்தவர்கள் உண்டு. 1982-ல் அதைத் தேசியப் பூங்காவாக்கியதும் மேய்ச்சலை நிறுத்தினார்கள். 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆடு போகக் கூடாது; காமிராவுடன் நாம் போகலாம். ஆடு நின்றபின் ஒருவகைக் காட்டுச்செடி காடாக மண்டிப் பூச்செடிகளை அழுத்துகிறது என்று தாவர சாஸ்திரிகளில் ஒரு சாரார் சொல்கிறார்கள். வேறு காரணம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சாஸ்திரம் எப்படியானாலும், மேய்ப்பனை வெளியே அனுப்பிவிட்டு யாத்திரிகனை உள்ளே விட்ட நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. அந்த மேய்ப்பனுடைய பேரன் இன்று கண்டி சுமக்கிறவனாக இருக்கலாம் என்று கதைக்காரன் மனம் கற்பனை செய்கிறது.

டோலியைப் பற்றிப் பேசும்போது நம் மாவட்டத்து டோலியைப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. வேலூரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்து மலைகளில், ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கங்களில், சரியான பாதையில்லாத சிற்றூர்கள் இருந்து வந்திருக்கின்றன. அங்கேயும் டோலி உண்டு. இரண்டு மூங்கிலும் ஒரு போர்வையும். அதில் ஏறுகிறவர்கள் பூப்பார்க்கிறவர்கள் அல்ல. பிரசவ வலி கண்ட பெண், ஜுரத்தில் கிடக்கும் கிழவர். 2023 மே மாதத்தில் அல்லேரி மலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பதினெட்டு மாதக் குழந்தையைப் பாம்பு கடித்தது. நல்ல பாதை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. பிரேத பரிசோதனை முடித்துத் திருப்பி அனுப்பியபோது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, பெற்றவள் அந்த உடலைக் கையில் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தாள். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அதற்குப் பின்னர்தான் அந்தப் பாதைக்காக அதிகாரிகள் வேகவேகமாக மலையேறினார்கள். பாதை போட முடியாமல் இருந்ததற்கு எப்போதும் சொல்லப்படும் காரணம், அது காட்டு இலாகாவின் நிலம், சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பது. காட்டுச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டத்துக்குள் வழி தேடுகிற சுறுசுறுப்பு உல்லாசப் பிரயாணிக்கு ஒரு மாதிரியாகவும், மலைமேல் குடியிருக்கிறவனுக்கு வேறு மாதிரியாகவும் இருப்பதை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். படகுத்துறை உள்ள மலைக்குத் தார் ரோடு சீக்கிரம் வருகிறது. பாம்பு உள்ள மலைக்கு வருவதில்லை. பாதை என்பது பார்க்கப் போகிறவனுக்கு ஆசை, வாழ்கிறவனுக்கு உயிர். இரண்டையும் ஒரே தராசில் போட்டு, ரோடு போடுவதால் காடு கெடுமா என்று பொதுப்படையாக விவாதம் நடத்துவது அறிவுக் குழப்பம் மட்டுமல்ல, கொஞ்சம் இரக்கமின்மையும்கூட. அல்லேரிக்கு ரோடு வேண்டும் என்று சொல்கிற நானே புக்யாலுக்கு ரோடு வேண்டாம் என்று சொல்லுவேன். இதில் முரண்பாடு இல்லை.

மிச்சமிருப்பது, எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் அந்த வரம்புக்குள் யார் வருவது என்பது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. 2025 கோடையில் எண்ணிக்கையும் கட்டிவிட்டார்கள்: நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதில் எனக்குப் பிடித்த அம்சம், அரசாங்க பஸ்ஸில் போகிறவனுக்குப் பாஸ் வேண்டாம் என்பது. ஐம்பது பேர் ஒரு வண்டியில் போனால் மலைக்குப் பாரம் குறைவு என்ற எளிய கணக்கு அது. எண்ணிக்கையைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு, கட்டணத்தை ஏற்றிவிடுவது. வியாபாரிகளுக்கு அது பிடிக்கும். அதை நான் எதிர்ப்பேன். மலையைப் பணக்காரனுக்கு விற்றுவிட்டு, மலையைக் காப்பாற்றினோம் என்று சொல்லுவதாகும். சீட்டுக் குலுக்கிப் போடட்டும். ஷூ தைத்தவளுக்கும் கப்பலில் அனுப்பியவனுக்கும் ஒரே சீட்டு. முழங்கால் போனவர்களுக்கு முதல் சீட்டு என்று இன்னும் ஒரு விதி சேர்த்தால் நான் கைதட்டுவேன்.

ஆனால் எந்தச் சீட்டும் அந்த அம்மாளின் கேள்விக்குப் பதிலாகாது. அவருக்கு இடம் கிடைக்கும்; வாசல் வரையில் குதிரையும் கிடைக்கும். வாசலுக்கு அப்பால் ஒரு மனித முதுகுதான் இருக்கிறது. கூச்சமில்லாதவர்கள் அதில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பாரத்தின் வேதனை தெரிந்த ஒரே காரணத்தால் இவர் பார்க்காமல் திரும்ப வேண்டும் என்றால், நல்ல மனம் இருப்பதற்கு இது ஓர் அபராதமா? இதுதான் என்னைச் சில நாட்கள் தூங்கவிடாமல் செய்தது. ஏறாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷம் பிறர் காலுக்காகக் குனிந்திருந்தவர் அவர். ஏறு என்று சொல்லவும் வரவில்லை.

கடைசியில் நண்பருக்கு எழுதிக் கொடுத்த திட்டத்தில் இப்படிக் குறிப்பிட்டேன்: ஜூலைக் கடைசி, ஆகஸ்டு முதல் வாரம் சரியான காலம். வழி அடைபட்டால் தங்குவதற்கு இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காங்கரியா வரையில் குதிரை. கண்டிக்கு இங்கிருந்தே ஏற்பாடு செய்ய வேண்டாம். முன்பணம் கட்டிவிட்டால் பிறகு மனத்துக்கு வேலை இருக்காது. அங்கே போய் ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும். சுமக்கிறவர்கள் டீக்கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவே போய் அவர்களோடு பேசட்டும். பாஷை தெரியாவிட்டால் பாதகமில்லை, உங்களுக்குத் தெரிந்த ஹிந்தி போதும். வயசு என்ன, வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு கனம் தூக்கமுடியும், வழியில் எத்தனை தரம் இறக்கி வைக்கலாம், என்ன கூலி நியாயம் என்று கேட்கட்டும். அந்த ஆளும் அம்மாவை ஒருதரம் பார்க்கட்டும். முடியாது என்று சொல்லுகிற பாத்தியதை அவனுக்கும் உண்டு. அதற்குப் பிறகு ஏறுவதா, வாசலிலேயே உட்கார்ந்து கண்ணுக்கெட்டிய பூவைப் பார்ப்பதா என்பதை அவர்கள் இரண்டு பேரும் முடிவு பண்ணிக்கொள்ளட்டும். நீங்களும் நானும் நடுவில் வேண்டாம்.

நண்பர் படித்துக் காட்டியதும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, அந்த ஆள் காலில் என்ன போட்டுக்கொண்டு ஏறுகிறான் என்பது. படத்தில் பார்த்ததை வைத்து, சாதாரண ரப்பர் செருப்பு என்று மகன் சொல்லியிருக்கிறார். “ஈர மலையில அது வழுக்குமே” என்று அவர் ரொம்ப நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தாராம். ரயிலுக்கு ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்குள் வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலை ஒருதரம் காட்டிவிடுவதாக நண்பர் சொல்லியிருக்கிறார்.